தலைகுனியாதே, பகைக்காதே

வரலாற்று நூல்களில் ஆல்பர்ட்டா வில்லியம்ஸ் கிங் பெரும்பாலும் இரண்டே இடங்களில் வருகிறார். 1929இல் மார்ட்டின் லூதர் கிங்கைப் பெற்றெடுத்த தாயாக ஒருமுறை. 1974இல் தேவாலயத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட மூதாட்டியாக இன்னொரு முறை. இடைப்பட்ட நாற்பத்தைந்து ஆண்டுகளில் அவர் என்ன செய்தார் என்று கேட்பவர்கள் குறைவு. அவர் பெயரைச் சொன்னதும் நினைவுக்கு வரும் மேடைப்பேச்சு எதுவும் இல்லை. தலைவர்களின் பட்டியலிலும் அவர் இல்லை. அட்லாண்டா நகரின் ஒரு பாப்டிஸ்ட் சபையில் ஆர்கன் வாசித்தார், பாடகர் குழுவை நடத்தினார், மூன்று பிள்ளைகளை வளர்த்தார். ஆனாலும் நல்வாழ்வு என்றால் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால், நான் முதலில் காட்ட விரும்புவது இந்த அம்மையாரின் வாழ்க்கையைத்தான்.

1903 செப்டம்பர் 13 அன்று பிறந்தார். பெற்றோருக்குத் தங்கிய ஒரே குழந்தை. தந்தை ஆடம் டேனியல் வில்லியம்ஸ், அடிமைகளாயிருந்த தாய்தந்தையருக்குப் பிறந்தவர். 1894இல் அவர் எபினேசர் பாப்டிஸ்ட் சபையின் போதகரானபோது அங்கே இருந்தவர்கள் பதின்மூன்று பேர். அந்தச் சிறு கூட்டத்தை அவரும் மனைவி ஜென்னியும் நூற்றுக்கணக்கானோர் கூடும் சபையாக வளர்த்தார்கள். ஆல்பர்ட்டா அந்த ஆலயத்தின் நிழலிலேயே வளர்ந்தார்.

அந்நாளைய அட்லாண்டாவில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றுகூடக் கிடையாது. முதல் பள்ளி, புக்கர் டி. வாஷிங்டன் உயர்நிலைப் பள்ளி, 1924இல்தான் திறக்கப்பட்டது. அதற்காகப் போராடியவர்களில் ஆல்பர்ட்டாவின் தந்தையும் ஒருவர். மகளுக்கு அந்தப் பள்ளி பயன்படவில்லை. அவர் ஸ்பெல்மன் செமினரியில் படித்து, வர்ஜீனியாவில் இருந்த ஹாம்ப்டன் கல்வி நிலையத்துக்குப் போய், அதே 1924இல் ஆசிரியர் சான்றிதழோடு ஊர் திரும்பினார். சிறிது காலம் பாடம் நடத்தினார். 1926 நவம்பரில் திருமணம். மணமான பெண்கள் ஆசிரியர்களாக இருக்கக் கூடாது என்பது அந்த நகரக் கல்வி வாரியத்தின் விதி. கற்றுத்தேர்ந்த தொழில் அத்தோடு முடிந்தது.

மணமகன் மைக்கேல் கிங், பின்னாளில் மூத்த மார்ட்டின் லூதர் கிங் என்று அறியப்பட்டவர், ஸ்டாக்பிரிட்ஜ் என்ற ஊரிலிருந்து வந்த குத்தகை விவசாயியின் மகன். இருபது வயதில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பாடத்தோடு படிப்பைத் தொடங்க வேண்டியிருந்தது அவருக்கு. படித்த குடும்பத்துப் பெண்ணான ஆல்பர்ட்டா அவரை இளக்காரமாகப் பார்க்கவில்லை. படி, மேலே படி என்று ஊக்கப்படுத்திக்கொண்டே இருந்தார். 1930இல் மூத்த கிங் மோர்ஹவுஸ் கல்லூரிப் பட்டம் பெற்றார். அந்த ஆண்டு முடிவதற்குள் கிறிஸ்டின், மார்ட்டின், ஆல்ஃபிரட் என்று மூன்று குழந்தைகளும் பிறந்துவிட்டார்கள். ஆல்பர்ட்டாவும் படிப்பை விட்டுவிடவில்லை. பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே மோரிஸ் பிரவுன் கல்லூரியில் படித்து 1938இல் பட்டம் பெற்றார். வேலைக்கு உதவாது என்று தெரிந்த பின்னும் ஒருவர் படிக்கிறார் என்றால், அந்தப் படிப்பில் அவருக்கிருந்த மரியாதை எப்படிப்பட்டது என்று எண்ணிப் பாருங்கள்.

1931இல் தந்தை இறந்தபின் கணவர் எபினேசரின் போதகரானார். 1932 முதல் ஆல்பர்ட்டா ஆலயத்தின் ஆர்கன் இசைஞர். அடுத்த ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அந்த இருக்கை அவருடையது. சபைக்கென்று ஒரு பாடகர் குழுவை உருவாக்கிப் பயிற்றுவித்தவரும் அவரே.

இந்த வேலையின் கனம் வெளியாட்களுக்கு எளிதில் புலப்படாது. பாப்டிஸ்ட் சபைகளில் பேராயர் என்று மேலிருந்து ஆள்பவர் எவரும் இல்லை. விசுவாசத்தை வாய்விட்டு அறிக்கை செய்தவர்களே மூழ்கு ஞானஸ்நானம் பெற்று உறுப்பினர் ஆகிறார்கள். அந்த உறுப்பினர்களே போதகரைத் தேர்ந்தெடுக்கிறார்கள், கணக்கு வழக்கைப் பார்க்கிறார்கள், முடிவெடுக்கிறார்கள். ஜார்ஜியா மாநிலத்தில் கறுப்பின மக்களின் வாக்குரிமை தந்திரங்களாலும் மிரட்டலாலும் பறிக்கப்பட்டிருந்த காலம் அது. பேருந்தில் விரும்பிய இருக்கையில் உட்கார முடியாது. கடையின் முன்பக்கத்தில் செருப்பு வாங்க முடியாது. அப்படி வாரம் முழுக்க ஒதுக்கப்பட்டவர்கள், ஞாயிற்றுக்கிழமை ஓர் இடத்தில் மட்டும் முழு மனிதர்களாக நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். வீட்டு வேலைக்குப் போகிற பெண் அங்கே சங்கத் தலைவி. மூட்டை தூக்குகிறவர் அங்கே டீக்கன் என்னும் சபைப் பொறுப்பாளர். அந்த இடத்தின் பாட்டு யார் கையில் இருந்ததோ அவர் கையில் அந்த மக்களின் மூச்சும் இருந்தது. எந்தத் துக்கத்துக்கு எந்தப் பாடல், எந்தச் சுருதியில் எடுத்தால் முதியவர்களும் சேர்ந்து பாட முடியும், பிரசங்கம் முடிந்து சபை கலங்கி நிற்கும் நேரத்தில் எப்போது மெல்லத் தொட்டு எழுப்ப வேண்டும் என்பதெல்லாம் ஆர்கன் முன் அமர்ந்திருப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒத்திகை, திருமணம், அடக்க ஆராதனை, பிள்ளைகளின் பாட்டு என்று வாரம் முழுக்க அந்த வேலை நீளும். 1950 முதல் 1962 வரை சபையின் பெண்கள் குழுவுக்கும் அவர்தான் தலைவி. நாற்பது ஆண்டுகள் சலிக்காமல் செய்த வேலை ஒன்றை நாம் சாதனை என்று அழைப்பதில்லை. ஆனால் ஒரு சமூகம் உடையாமல் நிற்பது இத்தகைய வேலைகளால்தான்.

வீட்டிலும் ஒழுங்கு இதேபோல் இருந்தது. ஆபர்ன் அவென்யூ 501ஆம் எண் வீட்டில் குடும்ப ஜெபம் நாள்தோறும் உண்டு. இரவு உணவுக்கு முன் ஒவ்வொரு குழந்தையும் வேத வசனம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சிறுவன் மார்ட்டினைச் சுற்றுவட்டாரச் சபைகளுக்கு அழைத்துப் போய்ப் பாட வைத்து, தாம் பக்கத்தில் அமர்ந்து பியானோ வாசித்தார் தாய். கணவர் உரத்த குரல்காரர், சட்டென்று கோபப்படுபவர், பிள்ளைகளை அடித்தும் வளர்த்தவர். ஆல்பர்ட்டா மெல்லப் பேசுபவர். தம் தாயின் அக்கறை எப்போதும் பின்னணியில் நின்று வேலை செய்தது என்று மகன் மாணவப் பருவத்தில் எழுதிய கட்டுரை ஒன்றில் நன்றியோடு பதிவு செய்திருக்கிறார்.

அந்த வீட்டில் நடந்த ஓர் உரையாடலே இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. மார்ட்டினுக்கு அப்போது சுமார் ஆறு வயது. தெருவுக்கு எதிரே கடை வைத்திருந்த வெள்ளையர் ஒருவரின் மகன் அவனுடைய விளையாட்டுத் தோழன். பள்ளி வயது வந்ததும் இருவரும் வேறுவேறு பள்ளிகளுக்குப் போனார்கள். ஒருநாள் அந்தத் தோழன் வந்து, இனி உன்னோடு விளையாடக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார் என்றான். மார்ட்டின் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்து காரணம் கேட்டான். அடிமை முறை என்றால் என்ன, அது எப்படி முடிந்தது, முடிந்த பின்னும் இந்த ஒதுக்கல் ஏன் தொடர்கிறது என்று தாய் அவனை மடியில் அமர்த்தி விளக்கினார். இது இயற்கை வகுத்த முறை அல்ல, மனிதர்கள் செய்துவைத்த ஏற்பாடு என்றார். இறுதியில், நீ எவருக்கும் குறைந்தவன் அல்ல என்று அவன் மனதில் பதியும்படி சொன்னார்.

இங்கே பேச்சு முடிந்திருந்தால் அதுவே ஒரு நல்ல தாயின் கடமையாக இருந்திருக்கும். முடியவில்லை. கேட்டதையெல்லாம் கேட்டுக்கொண்ட சிறுவன், இனி வெள்ளையர் ஒவ்வொருவரையும் வெறுப்பேன் என்று உறுதி எடுத்துக்கொண்டான். கூடாது, வெறுக்காமல் இருப்பது உன் கிறிஸ்தவக் கடமை என்று பெற்றோர் சொன்னார்கள். தன்னை வெறுப்பவர்களை எப்படி நேசிப்பது என்ற கேள்வி பல ஆண்டுகள் தனக்குள் தீராமல் கிடந்ததாக மார்ட்டின் பின்னர் எழுதினார். ஒரு கட்டளையைச் சொன்ன உடனே பிள்ளை ஏற்றுக்கொள்ளும் என்று அந்தப் பெற்றோரும் எதிர்பார்க்கவில்லை. விதைத்தார்கள், காத்திருந்தார்கள்.

எவருக்கும் நீ தாழ்ந்தவன் அல்ல என்பது ஒரு பாடம். எவரையும் வெறுக்காதே என்பது இன்னொரு பாடம். அவமானப்பட்டு வந்து நிற்கும் பிள்ளையிடம் இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்வது மிகக் கடினம். முதலாவதை மட்டும் சொல்லி வளர்த்தால் பிள்ளையின் முதுகு நிமிரும், நெஞ்சு எரியும். இரண்டாவதை மட்டும் சொன்னால் சாந்தம் என்ற பெயரில் அடிமைத்தனத்தை ஊட்டிவிடுவோம். சொல்லும் வரிசையும் முக்கியம். ஆல்பர்ட்டா முதலில் மகனின் மதிப்பை நிலைநாட்டினார். அதற்குப் பிறகே அன்பைப் பற்றிய பேச்சு வந்தது. நிமிர்ந்து நிற்கத் தெரியாதவனிடம் மன்னிப்பைப் பற்றிப் பேசுவது கொடுமை என்பது அந்த வீட்டுக்குத் தெரிந்திருந்தது. கணவர் செய்ததும் அதைத்தான். பின்பக்கம் போய் உட்காரச் சொன்ன செருப்புக் கடையிலிருந்து மகனின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார். தன்னை ‘பையா’ என்று அழைத்த காவலரை அந்த இடத்திலேயே திருத்தினார். கறுப்பின ஆசிரியர்களுக்குச் சம ஊதியம் கேட்டுப் போராடினார். வெறுக்காத வீடு என்பதால் அது பணிந்துபோகிற வீடாக இருக்கவில்லை.

தெருவின் எதிர்ப்பக்கத்து வீட்டையும் நினைக்க வேண்டும். அங்கேயும் ஒரு குழந்தைக்கு ஒரு பாடம் சொல்லப்பட்டது. அந்தத் தந்தை கொடியவராக இருந்திருக்க வேண்டும் என்றில்லை. ஊர் வழக்கத்தை மகனுக்குச் சொல்லிக்கொடுத்த சாதாரணக் கடைக்காரராகவே இருந்திருக்கலாம். இன ஒதுக்கல் சட்டங்களால் மட்டும் நிலைக்கவில்லை. இப்படிப்பட்ட சாதாரண மனிதர்கள் தம் வீட்டுக்குள் தாழ்ந்த குரலில் சொன்ன ஒரு வரியாலும் அது நிலைத்தது.

ஆல்பர்ட்டாவின் வாழ்க்கையில் நிழல் இல்லை என்று சொல்வது பொய்யாகும். 1939 டிசம்பரில் ‘கான் வித் த விண்ட்’ திரைப்படத்தின் முதல் காட்சியை ஒட்டி அட்லாண்டாவின் வெள்ளைச் செல்வந்தர்கள் ஒரு நடன விருந்து நடத்தினார்கள். கறுப்பினத்தவருக்கு அங்கே விருந்தினராக இடமில்லை. தோட்ட மாளிகை போன்ற மேடை அமைப்பின் முன்னே, அடிமைகளைப் போல உடுத்திய எபினேசர் பாடகர் குழு பாடியது. குழுவை நடத்தியவர் ஆல்பர்ட்டா. பாடிய பிள்ளைகளில் பத்து வயது மார்ட்டினும் இருந்தான். உள்ளூர் பாப்டிஸ்ட் போதகர்கள் அப்போதே மூத்த கிங்கைக் கண்டித்தார்கள். அந்தக் கண்டனம் நியாயமானது என்றே நான் கருதுகிறேன். மகனை மடியில் வைத்து அவ்வளவு தெளிவாகப் பேசிய தாயும் ஒரு நாள் அந்த மேடையில் நின்றார் என்பதை மறைத்தால், அவரைப் படமாக மாட்டி மாலை போட்டுவிட்டு நாம் நகர்ந்துவிடலாம். அப்படி நகர்ந்துவிடக் கூடாது. சுற்றிலும் வளைந்து கிடக்கும் ஓர் உலகத்தில் நேராக வாழ முயன்ற மனிதர் அவர். சில நாட்கள் வளைந்தார். பெரும்பாலான நாட்கள் நேராக நின்றார்.

மகன் 1948இல் பென்சில்வேனியாவின் குரோசர் இறையியல் கல்லூரிக்குப் படிக்கப் போனார். அங்கிருந்து தாய்க்கு எழுதிய கடிதம் ஒன்று பாதுகாக்கப்பட்டிருக்கிறது. வாரந்தோறும் ஐந்து டாலர் இதுவரை தவறாமல் வந்து சேர்ந்திருக்கிறது என்கிறார் அதில். உலகிலேயே சிறந்த தாய் தனக்கு வாய்த்திருப்பதாக உடன்படிக்கும் மாணவர்களிடம் அடிக்கடி சொல்வதாகவும் எழுதுகிறார். வாரம் ஐந்து டாலர். பெரிய வார்த்தைகள் எதுவும் பேசாமல், வாரம் தவறாமல் அனுப்பிவைக்கும் அன்பு அது.

பின்னர் மகன் இன ஒதுக்கலுக்கு எதிரான போராட்டத்தின் தலைவரானார்; அச்சத்தின் ஆண்டுகள் தொடங்கின. 1956 ஜனவரி 30 இரவு மான்ட்கோமரியில் மகன் வீட்டு முன்வாசலில் குண்டு வெடித்தது. உள்ளே மருமகளும் கைக்குழந்தையும் இருந்தார்கள். ஆயுதங்களோடு திரண்டு வந்த தம் மக்களிடம், அதே வாசலில் நின்று, பகைவரையும் நேசிக்க வேண்டும் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார் மகன். 1958இல் நியூயார்க்கில் மனநலம் குன்றிய பெண் ஒருவர் கடித உறை பிரிக்கும் கத்தியை அவர் மார்பில் பாய்ச்சினார். அந்தப் பெண்மீது தமக்குப் பகையில்லை, அவருக்கு உதவி கிடைக்க வேண்டும் என்று அறிவித்தார். ஆறு வயதில் ஏற்க முடியாமல் தவித்த பாடம் இருபத்தேழாம் வயதில், இருபத்தொன்பதாம் வயதில் அவர் வாயிலிருந்தே வந்தது. காந்தியிடமிருந்து அவர் நிறையக் கற்றார் என்பது உண்மை. ஆனால் காந்தியின் சொல் விழுந்து முளைப்பதற்கான மண்ணை முன்பே பண்படுத்தி வைத்தவர்கள் வீட்டில் இருந்தார்கள்.

1959இல் மகன் இந்தியா வந்தார். திருவனந்தபுரத்தில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் படித்த பள்ளி ஒன்றில், அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் தீண்டத்தகாதவர் என்று தாம் அறிமுகப்படுத்தப்பட்டதாகவும், முதலில் அதிர்ந்ததாகவும், பிறகு தம் மக்கள் இரண்டு கோடிப் பேரின் நிலையை எண்ணிப் பார்த்தபோது அது உண்மை என்று உணர்ந்ததாகவும் அவர் சொன்னார். அதை அவர் சொன்ன இடம் எபினேசரின் பிரசங்கப் பீடம். 1965 ஜூலை 4. தாய் இசை நடத்திய அந்த ஆலயத்தில், நம் நாட்டுத் தீண்டாமை இப்படி ஒரு கண்ணாடியாக நின்றது.

1968 ஏப்ரல் 4. மெம்பிஸ் நகரின் லொரெய்ன் விடுதியிலிருந்து மார்ட்டினும் தம்பி ஆல்ஃபிரடும் பிற்பகலில் தாயைத் தொலைபேசியில் அழைத்தார்கள். ஏறத்தாழ ஒரு மணி நேரம் சிரித்துப் பேசினார்கள். அன்று மாலை ஆறு மணிக்குப் பிறகு, விடுதி மாடத்தில் நின்ற மகன் சுடப்பட்டு இறந்தார். பதினைந்து மாதங்கள் கழித்து, 1969 ஜூலை 21 அன்று, ஆல்ஃபிரட் தம் வீட்டு நீச்சல் குளத்தில் இறந்து கிடந்தார். பெற்ற இரண்டு ஆண் பிள்ளைகளும் நாற்பது வயதைத் தாண்டவில்லை. இந்தத் துயரத்தைப் பற்றி நான் அதிகம் எழுத மாட்டேன். அது எழுத்துக்கு அடங்குவதல்ல. அவர் சபையை விட்டு விலகவில்லை. மற்றவர்கள் பாட வேண்டும் என்பதற்காக மறுபடியும் வாசித்தார்.

1974 ஜூன் 30, ஞாயிறு ஆராதனை. ஆர்கனில் பரமண்டல ஜெபத்தை வாசித்துக்கொண்டிருந்தார் ஆல்பர்ட்டா. சபையில் உட்கார்ந்திருந்த 23 வயது இளைஞன் ஒருவன் எழுந்து சுட்டான். அவனும் கறுப்பினத்தவன். ஒஹையோ மாநிலத்திலிருந்து வந்தவன். கறுப்பினப் போதகர்கள் தம் மக்களை ஏமாற்றுகிறார்கள், கிறிஸ்தவர்கள் தன் பகைவர்கள் என்ற வெறிகொண்ட கொள்கை அவன் மனதைப் பிடித்திருந்தது. மூத்த கிங்கைக் கொல்லத்தான் வந்ததாகவும், ஆல்பர்ட்டா அருகில் இருந்ததால் அவரைச் சுட்டதாகவும் சொன்னான். எழுபது வயதுத் தாயும் ஒரு டீக்கனும் இறந்தார்கள். இன்னொரு பெண் காயமடைந்தார்.

நம்மில் பலர் வாழும்போது சொன்னது என்ன மதிப்புடையது என்பது நாம் போனபிறகே தெரிகிறது, நமக்குப் பின் எஞ்சியிருக்கும் நம் வீட்டார் என்ன செய்கிறார்கள் என்பதில். மகனை ஒரு வெள்ளையரும் மனைவியை ஒரு கறுப்பின இளைஞனும் கொன்றார்கள். இருவரில் ஒருவரையும் வெறுக்கப்போவதில்லை என்று மூத்த கிங் அறிவித்தார். 1980இல் வெளியான தன் வரலாற்று நூலிலும் அதையே எழுதினார். அவர் இயல்பிலேயே சாந்தமானவர் அல்லர் என்பதை மறக்கக் கூடாது. நீதிமன்றம் கொலையாளிக்கு மரண தண்டனை விதித்தது. கிங் குடும்பத்தார் மரண தண்டனையை எதிர்ப்பவர்கள். தங்கள் தாயைக் கொன்றவன் என்பதற்காக அந்த நிலையை அவர்கள் மாற்றிக்கொள்ளவில்லை. குடும்பத்தின் எதிர்ப்பும் ஒரு காரணமாக, 1995இல் அந்தத் தண்டனை ஆயுள் தண்டனையாக மாற்றப்பட்டது. அதே ஆண்டில் பக்கவாதத்தால் அவன் இறந்தான்; தூக்கு மேடையோ மின்சார நாற்காலியோ அவனைக் கொல்லவில்லை.

இவ்வளவு பொறுத்துக்கொள்ளச் சொல்லி ஒடுக்கப்பட்டவர்களுக்கு உபதேசம் செய்வது எளிதல்லவா என்று சிலர் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆல்பர்ட்டாவின் வாழ்க்கையை எடுத்துக்காட்டி, அடிபட்டவரைப் பார்த்து மன்னித்துவிடு என்று சொல்லும் உரிமை அடித்தவர் வீட்டுக்கு ஒருநாளும் கிடையாது. மன்னிப்பு அடிபட்டவருடைய சொத்து. கொடுப்பதும் கொடுக்காததும் அவர் விருப்பம். கிங் குடும்பம் அதைக் கொடுத்தது அந்தக் குடும்பத்தின் பெருமை, மற்றவர்கள் காட்டிக் கேட்கும் கடன்சீட்டு அல்ல. கொலையாளி விசாரணை இல்லாமல் போக வேண்டும் என்றும் அவர்கள் கேட்கவில்லை. நீதி வேண்டும், உயிருக்கு உயிர் வேண்டாம் என்றார்கள். இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாமல் அவர்களைப் புகழ்வதில் பயனில்லை.

நம் பக்கத்துக்கு வருகிறேன். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், பள்ளி மாணவர்கள் சிலர் தங்களோடு படித்த பட்டியலினச் சிறுவனை அவன் வீட்டுக்குள்ளேயே புகுந்து வெட்டினார்கள். தடுக்கப்போன தங்கையும் வெட்டுப்பட்டாள். வெட்டியவர்கள் வெளியூர்க் கொள்ளையர்கள் அல்லர், பாடப்புத்தகம் சுமந்து போன பிள்ளைகள். அந்தப் பகை எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. பிறகு தமிழ்நாடு அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைத்தது. 2024இல் அளித்த அறிக்கையில், சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர்கள் கையில் கட்டிவருவதைத் தடைசெய்ய வேண்டும் என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. ஓர் அரசு பிள்ளைகளின் மணிக்கட்டுவரை வந்து பார்க்க வேண்டிய நிலை ஏற்பட்டிருக்கிறது என்றால், அதற்கு முன்னே பார்த்திருக்க வேண்டியவர்கள் யார்?

ஒடுக்கப்பட்ட வீடுகளின் தாய்மார்களுக்கு நான் சொல்லிக்கொடுக்க எதுவும் இல்லை. இழிசொல் கேட்டு வந்த பிள்ளையைத் தேற்றி, நீ யாருக்கும் குறைந்தவனில்லை என்று சொல்லி மறுநாள் அதே பள்ளிக்கு அனுப்பிய ஆயிரமாயிரம் ஆல்பர்ட்டாக்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி எவரும் எழுதவில்லை. நான் கேட்டுக்கொள்வது தெருவின் எதிர்ப்பக்கத்து வீடுகளை. உங்கள் வீட்டில் பதின்வயதுப் பிள்ளை இருந்தால் இன்றிரவு அவன் கையைப் பாருங்கள். கயிறு இருந்தால், அதைக் கட்டியது யார், எதற்கு என்று கேளுங்கள். அதட்டாதீர்கள், பதில் உங்கள் குடும்பத்து ஆளிடமே வந்து நிற்கலாம். பக்கத்தில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டுவிட்டு, உங்கள் கையாலேயே அதை அவிழ்த்துவிடுங்கள். அரசாணை வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.